இன்றைக்கு வலி யார் வீட்டில்?

துளசிமணியின் முதுகுவலி அவள் புருஷன் ஆறுச்சாமியின் இடுப்புக்கு மாறியது ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு. மேட்டுக்கடைப்புதூர் பஸ் நிலையத்தில் இருபத்து மூன்று வருஷமாக டைம் கீப்பராக உட்கார்ந்து வண்டி வரும் நேரமும் போகும் நேரமும் குறித்துப் பழகியவர் என்பதால், வலி வந்து ஏறிய அந்த நொடியிலும் அவர் அலறிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஆகவே நேரத்தைப் பற்றி மட்டும் ஊரில் யாருக்கும் இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் அந்த வலி துளசிமணியிடம்தான் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கான சாம்பார் அண்டாவை, கூட ஒரு கை பிடிக்க ஆள் வராத ஒரு நாளில், தனியாக அடுப்பிலிருந்து இறக்கியபோது இடுப்புக்கு மேலே உள்ளுக்குள் ஏதோ சடக்கென்றது. அண்டாவைச் சிந்தாமல் இறக்கிவிட்டாள், வலியை இறக்க முடியவில்லை. அது வீங்கவில்லை, சிவக்கவில்லை, ரத்தம் காட்டவில்லை. அதனால் அதை யாரும் நம்பவும் இல்லை. "பொம்பளைங்களுக்கு நாப்பதுக்கு மேல வர்றதுதான்" என்றார் ஆறுச்சாமி. அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை ருக்குமணி, அண்ணியை நங்கை என்றே கூப்பிடுகிறவள், "நங்கைக்கு வேலைன்னாத்தான் முதுகு வலிக்கும், கல்யாணம் சீர்னு போறதுன்னா வலிக்காது" என்று, காது கேட்கும் தூரத்தில்தான், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வேப்பெண்ணெயும் பூண்டும் காய்ச்சித் தேய்த்தாள், கொள்ளை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தாள், பவானியில் வர்மம் பார்க்கிறவர் கட்டைவிரலால் அழுத்தியபோது நட்சத்திரம் பார்த்தாள், அக்குபஞ்சரில் ஊசியோடு குப்புறக் கிடந்தாள், முதுகில் கண்ணாடிக் குப்பி கவிழ்த்து உறிஞ்சிய வட்டம் வட்டமான கறுப்புத் தழும்புகளோடு பத்து நாள் ரவிக்கையை இழுத்து இழுத்து மூடினாள், காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள் தொங்கினாள், பெல்ட் போட்டார்கள் வேர்க்குருவோடு போட்டுக்கொண்டாள். கோயமுத்தூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் தட்டு பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை, செய்யாமலும் பார்க்கலாம், எதுவானாலும் இரண்டு மாசத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஆறுச்சாமி அந்த இரண்டு மாசத்தைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தார். பெருந்துறை தாண்டும்போது, "ஆபரேசன் எல்லாம் வேண்டாம் புள்ள, கத்தி வெச்சா ஒடம்பு பழையபடி வராது" என்றார். கத்தி மேல் அவருக்கு இருந்த பயத்தை விட வீட்டு அடுப்பின் மேல் இருந்த பயம் பெரிது என்று துளசிமணிக்குத் தெரிந்தது.

ஆகவே கடைசியில் செல்வநாயகத்திடம் போனார்கள். பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில், ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிலகம் நடந்த அறையில், ஹிப்னோதெரபி, மனவசிய சிகிச்சை என்று பலகை மாட்டியிருந்தவர். சட்டைப்பையில் பேனா இல்லாத, குரலை உயர்த்தாத மனிதர். "நான் உங்க தட்டை உள்ளே தள்ள மாட்டேன் அம்மா. வலி மனசுல எவ்வளவு எடத்தைப் புடிச்சிருக்குதோ அந்த எடத்தைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லித் தருவேன். அவ்வளவுதான்" என்று முதலிலேயே சொன்னார். சாய்வு நாற்காலியில் அவளைப் படுக்க வைத்து, மூச்சை எண்ணச் சொல்லி, படிப்படியாக இறங்கச் சொல்லி, இறங்கின இடத்தில் வலி எப்படி இருக்கிறது பாருங்கள் என்றார்.

"அண்டாவாட்டம் இருக்குதுங்க" என்றாள் கண்ணை மூடியபடி. "கொதி அடங்கல."

"மெதுவாக் கீழே வையுங்க."

"கீழ வைக்க எடமில்லீங்க. வெச்சா கொட்டிப் போயிரும். யாராச்சும் ஒரு கை புடிச்சா வெச்சர்லாம்."

பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறுச்சாமி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் காய்ப்பையைத் தூக்க முடியாமல் அவள் வாசலில் நிற்கும்போது தலையைத் தூக்காமல் சொல்வாரே, அதே குரலில், தலையைத் தூக்காமல், "சரி, குடு" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. துளசிமணி கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மாடிப்படியை அவள் இரண்டிரண்டாக இறங்கினாள். அவரை இரண்டு பேர் நாற்காலியோடு இறக்கினார்கள். ஆட்டோவில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் அழுதார். வீட்டுக்கு வந்ததும் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, செருப்பைக் கழற்றக் குனிந்து பாதியில் நின்றுவிட்டார். அவள் மண்டியிட்டுக் கழற்றிவிட்டாள். அப்போது அவள் தலைக்கு மேலிருந்து அவர் கேட்டார்: "இத்தனை வருசமா இதைய வெச்சுட்டா நீ சோறாக்குனே?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்னவற்றில் அதுதான் மிக நல்ல வார்த்தை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள்.

சாயங்காலம் ஆறு மணி வரைதான் அவரால் வைத்திருக்க முடிந்தது. பி.எட். படித்துக்கொண்டிருந்த மகள் கோகிலவாணி, அப்பா படும் பாட்டைப் பார்க்க மாட்டாமல், "எங்கிட்டக் குடுங்கப்பா" என்றாள். அதோடு, யார் 'குடு' என்று வாய்விட்டுச் சொல்கிறாரோ அவருக்கு வலி போகும் என்பது தெரிந்துபோயிற்று. மறுநாள் மத்தியானம் மகளிடமிருந்து ருக்குமணி வாங்கினாள். வாங்கியவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து, "ஐயோ நங்கையா, என்ற வாய அறுத்துப் போடோணும், என்னென்ன பேசிப்போட்டேன்" என்று விசும்பியபோது தெருவே கூடி நின்றது.

ஊர் இதில் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமும் இல்லை, ஏனென்றால் முறை போட வேண்டியிருந்தது. மாரியம்மன் கோயில் மண்டகப்படிக்கு எப்படி வீட்டுக்கு ஒரு நாள் என்று எழுதுவார்களோ அப்படியே ஆறுச்சாமி தன் முத்து முத்தான கையெழுத்தில் பட்டியல் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினார்: காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை ஒரு வீடு. முதல் மாசம் அது ஒரு திருவிழா மாதிரித்தான் நடந்தது. இன்றைக்கு வலி யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு இளநீரும் பழமும் எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். மகளிர் குழுவில் தீர்மானம் போட்டு ஒரு மெத்தையும் வெந்நீர்ப் பையும் வாங்கி, வலியோடு சேர்த்து வீடு வீடாக அனுப்பினார்கள். தலைமையாசிரியர் ஒரு மணி நேரம் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, அன்று மூன்று மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டார். பூசாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம், இன்னொருத்தர் வலியோடு தீ மிதித்தால் புண்ணியம் யாருக்குச் சேரும் என்று. அதை அடுத்த பங்குனிக்குள் பேசி முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். கோயமுத்தூர் டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். தட்டு துளசிமணிக்குத்தான் பிதுங்கியிருந்தது. வலித்துக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரரின் முதுகு பழுதில்லாமல் இருந்தது. டாக்டர் இரண்டு படங்களையும் உறையில் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

துளசிமணி என்ன செய்தாள் என்றால், குனிந்தாள். கொத்தமல்லித் தழை ஒன்று கீழே விழுந்தால் குனிந்து எடுத்தாள், எடுத்ததை மறுபடி போட்டு மறுபடி எடுத்தாள். குப்புறப் படுத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே சென்னிமலை அடிவாரம் வரை போய், படியேறி, மேலே நின்று காற்று வாங்கிவிட்டு வந்தாள். தும்மினாள். பதினொரு வருஷம் தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள், மிளகாய் தாளிக்கும் புகையில் நின்று ஆசை தீரத் தும்மினாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பெண் பிள்ளைகள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து பதினேழு தாண்டு தாண்டினாள்.

அதை ருக்குமணி பார்த்துவிட்டாள். அன்றைக்கு வலி ருக்குமணி வீட்டில், இரண்டாவது சுற்று.

"நாம அவ வலியச் சொமக்கறோம், அவ கயிறு தாண்டறா" என்ற பேச்சு அந்த மைதானத்திலிருந்து புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் தெருவின் கடைசி வீட்டை எட்டிவிட்டது. நம்பாதவர்கள் நம்பாமல் இருந்தபோது அவள் மேல் கோபப்படவில்லை. இப்போது அந்த வலி எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவருக்கும் எலும்பில் தெரிந்துவிட்டதால், அது இல்லாமல் அவள் நடமாடுவதைப் பொறுக்க முடியவில்லை. முதலில், வலி இருக்கும் வீட்டில் அன்றைய சமையலை அவள் செய்து கொடுப்பதுதானே முறை என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது, செய்தாள். பிறகு பாத்திரமும், பிறகு துணியும், பிறகு சாணி வழிப்பதும் சேர்ந்தன. தன் வீடு, பள்ளிக்கூடம், வலி வீடு என்று மூன்று இடத்து வேலை. சினிமாவுக்குப் போனாளாமே என்றார்கள், நிறுத்தினாள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்றார்கள், அடக்கினாள். ஒரு நாள் ஆறுச்சாமியே சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரோட்டுல போறப்ப கொஞ்சம் மெதுவாப் போ துளசி. நிமுந்து வீசி வீசி நடக்கறயாமா. பாக்கறவங்களுக்குச் சங்கட்டமா இருக்குது."

"எப்படி நடக்கோணும்ங்க?"

"முன்ன நடப்பியே, அப்படி."

அப்படியே நடந்தாள். வலது கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, இடது முழங்காலை லேசாக மடக்கி, கழுத்தைச் சாய்த்து, வலி இல்லாத உடம்பை வலிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு தெருவில் போனாள். வலியோடு நடந்ததை விட அது கஷ்டமாக இருந்தது.

நாலாவது மாசம் பட்டியலில் ஓட்டை விழுந்தது. ஒரு வீட்டில் சீமந்தம், ஒரு வீட்டில் பரீட்சை, ஒரு வீட்டில் பூட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். துளசிமணி வர வேண்டாம், வந்தால் பேச முடியாது என்றார்கள். ஆறுச்சாமி திரும்பி வந்து, கைகால் கழுவிவிட்டு, "இனி முறை இல்ல. ஒரு ஆளு கெடச்சாச்சு. வெளியூரு. அவங்களே வெச்சுக்கறாங்களாமா" என்றார்.

யார் என்று துளசிமணி கேட்கவில்லை. அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கேட்கலாம் என்று வாய் வரை வந்தது, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து முன்வாசலுக்கு எதிரே, பேரூராட்சிக் குப்பை வண்டியைப் பிடித்தபடி மருதாயி நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் காலனியிலிருந்து, ஆறுச்சாமி சொன்ன அந்த வெளியூரிலிருந்து, வந்து ஊரின் எட்டுத் தெருவையும் கூட்டுகிறவள். வலது கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, இடது முழங்காலை மடக்கி, கழுத்தைச் சாய்த்து நின்றாள். இந்த ஊரில் அப்படி நிற்க வேறு யாருக்கும் தெரியாது. பின்னால் ருக்குமணி வழியாக விவரமும் வந்தது: 'குடு' என்று ஒரு வார்த்தை சொல்லு, மெத்தையை நீயே வைத்துக்கொள், சொல்லாவிட்டால் எங்கள் தெருவைச் சரியாகக் கூட்டுவதில்லை என்று துப்புரவு மேஸ்திரியிடம் எழுதிக் கொடுப்போம். "அவங்களுக்கெல்லாம் ஒடம்பு கெட்டி நங்கையா. பழகிப்போனது. தாங்கிக்குவாங்க" என்றாள் ருக்குமணி, நல்ல மனதோடுதான்.

பதினாறு நாள் துளசிமணி ஒன்றும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய் வந்தாள். நிமிர்ந்து நடந்தாள், இப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தும்மினாள். குப்புறப் படுத்தாள். பதினேழாம் நாள் மத்தியானம் எச்சில் வாளியை எடுக்க மருதாயி பின்வாசலுக்கே வந்தாள். வாளிக்குக் குனியுமுன் முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். துளசிமணியின் பழைய சேலைகள் ஒவ்வொன்றிலும் அந்த நுனியில் பல் தடம் இருக்கும்.

பெரிய மனதால் ஒன்றும் அல்ல, பார்க்க முடியாததால்தான், கரண்டியை வைத்துவிட்டு வந்து, "மருதாயி, அது என்னுது. குடு" என்றாள்.

"வேண்டாங்கம்மா. அப்பறம் ஊருல என்னையத்தான் கேப்பாங்க."

"நான் சொல்லிக்கறேன். குடு."

மருதாயி கண்ணை மூடித் தனக்குள் எதையோ தேடுகிறவள்போல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொடுத்தாள். துளசிமணியின் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒன்று வந்து இறங்கிற்று, கையின் நீளத்துக்கும் ஓடிச் சுண்டுவிரலில் எரிந்தது. அவள் திகைத்துவிட்டாள். தன் வலியை அவளுக்குத் தெரியும். அது இடுப்புக்கு மேலே இருப்பது, காலுக்கு ஓடுவது. இது வேறு யாரோ.

"இது என்னுதில்லையே."

"அப்படீங்களா?" மருதாயியின் குரலில் பதற்றம். "எது உங்களுது எது என்னுதுன்னு எனக்குத் தெரியலீங்கம்மா. உள்ளார நெறையக் கெடக்குது. கைக்குத் தட்டுப்பட்டதக் குடுத்தனுங்க. அது வண்டி தள்ளித் தள்ளி வந்தது. பதினெட்டு வருசமிருக்கும்."

துளசிமணி எரிந்த சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்களே, உனக்கு ஏற்கெனவே எங்கேயாவது வலிக்கிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா என்று நினைத்தாள். பதினாறு நாளில் தானும் கேட்கவில்லை என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது.

"இன்னொண்ணு குடு" என்றாள்.

இரண்டாவது வந்தது. அது சரியாக வந்தது; வழி கேட்காமல் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் சுவரைப் பிடித்தாள். இரண்டையும் சேர்த்து வைத்திருக்க முடியாது என்று அந்த நொடியே தெரிந்தது. மருதாயி தன்னுடையதைத் திருப்பிக் கேட்க வேண்டும், கேட்டால்தான் போகும். ஒரு வார்த்தை. அதற்காகத் துளசிமணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

மருதாயி இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேலே. விரல்களை விரித்தாள், மடக்கினாள். தோளைச் சுழற்றினாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. பெரிய சந்தோஷம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை, நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துளசிமணியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அந்த வார்த்தை தெரியும்.

மருதாயி சொல்லவில்லை. குனிந்து எச்சில் வாளியை இடது கையால் எடுத்துக்கொண்டு, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், வெளியே போனாள். துளசிமணி கூப்பிடவில்லை. தானும் பதினாறு நாள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்தவள்தானே.

ஊரில் எல்லோரும் நிம்மதியானார்கள். வலி உரிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது என்றார்கள், துளசிமணிக்கு எப்போதுமே நல்ல மனது என்றார்கள், யாரும் அவளை வீட்டு வேலைக்கு அழைக்கவில்லை. இன்னொன்று சேர்ந்து வந்ததை அவள் புருஷனிடம் மட்டும் சொன்னாள். "ஒண்ணை மட்டும் வாங்குங்க. ரெண்டு நாளைக்கு. மறுபடி நானே வாங்கிக்கறேன்" என்றாள். ஆறுச்சாமி கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டினார்.

"அது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும் துளசி" என்றார் கடைசியில். "தெரிஞ்சதுனாலதான் சொல்ல முடியல."

முன்பெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படி இருக்க மாட்டார் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

செல்வநாயகத்திடம் தனியாகப் போனாள். மாடி ஏற இருபது நிமிஷம் ஆயிற்று. "நான் இறக்கத்தான் சொல்லித் தந்தேன் அம்மா, கைமாத்திக் கொடுக்க இல்லை" என்றார் அவர், குற்றம் செய்தவர்போல். மறுபடி மூச்சு, மறுபடி படிகள். இந்த முறை யார் கையும் இல்லாமல், தரையில் வைக்காமல், அண்டாவின் தீயை மட்டும் குறைக்கக் கற்றாள். வலி பத்து இருந்த இடத்தில் ஏழு ஆகும், சில நாள் ஆறு ஆகும், ஒரு மணி நேரம் நிற்கும். அதற்காக வாரம் இரண்டு முறை அந்த மாடி ஏறினாள். தோள்பட்டைக்குக் கீழே இருந்த புதியதுதான் பேச்சுக் கேட்கவில்லை. அதன் சுபாவம் அவளுக்குப் பிடிபடவில்லை. எப்போது ஏறும், எதற்கு அடங்கும், ஒன்றும் தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிய முடியாமல் அவள் நின்றுகொண்டிருந்தபோது குப்பை வண்டி வந்தது. எப்போதும் இந்த வாசலைத் தாண்டித்தான் நிற்கும் வண்டி, அன்றைக்கு நேராக வாசலில் நின்றது. மருதாயி வண்டியின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. துளசிமணியின் முகத்தைப் பார்க்காமல், இடது தோளைப் பார்த்து, "எப்படீங்க இருக்குது?" என்றாள்.

"இருக்குது."

"மழ புடிச்சா ஏறும்ங்க. மொத ரெண்டு நாளு ரொம்ப ஏறும். பயப்படாதீங்க." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கோணும்ங்க. கைய மார்ல அணைச்சு வெச்சுக்கோணும். கொழந்தையாட்டம். அப்பத்தான் அடங்கும்."

"சரி மருதாயி."

மருதாயி இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல் உதட்டை அசைத்தாள். துளசிமணி காத்திருந்தாள். பிறகு மருதாயி வண்டியைத் தள்ளினாள்; நிமிர்ந்த தோளோடு, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, ருக்குமணி வீட்டுப் பக்கம் போனாள்.

துளசிமணி உள்ளே வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, பாயில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியது.